அழுகைக் காட்சியில் ஏன் சிரிக்கிறார்கள்? முதல் பதினாறு ஆண்டுப் பேசும்படங்கள் பற்றி

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருப் படிப்பகத்தில் மாதம் ஒரு பழைய தமிழ்ப் படம் போடுகிறோம். 1931க்கும் 1947க்கும் நடுவில் வந்த படங்கள் மட்டும். முதல் தடவை பெரியவர்கள் கண் கலங்கிப் பார்த்தார்கள். பையன்கள் அழுகைக் காட்சி வந்தாலே விழுந்து விழுந்து சிரித்தார்கள், 'ஓவர் ஆக்டிங்' என்றார்கள். இந்தப் படங்களில் அப்படி என்ன இருக்கிறது? நிஜமான குறைகள் எவை? எதை, எப்படிப் போட்டால் எல்லோரும் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

பதில்:

பையன்கள் சிரித்தது தப்பில்லை. எதைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். பாதிச் சிரிப்பு நீங்கள் போட்ட பிரதியால் வந்திருக்கும். வேகம் கூடிய பிரதியில் அன்றைய பாட்டு நாயகன் எம்.கே. தியாகராஜ பாகவதர் குரல் கீச்சென்று கேட்கும். அகலவாக்கில் இழுத்த படத்தில் நடிகை கண்ணாம்பா முகம் பூசணிக்காய் மாதிரி இருக்கும். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? அதற்கான வைத்தியத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் படங்களைப் பார்ப்போம்.

உங்கள் படிப்பகத்திலிருந்து ஆட்டோவில் கொஞ்ச நேரத்தில் போய்விடுகிற தூரத்தில்தான் இந்தக் கதையே தொடங்குகிறது. 1931 அக்டோபர் 31 அன்று முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' வால்டாக்ஸ் சாலையில் இருந்த கினிமா சென்ட்ரலில் திரைக்கு வந்தது. பிற்காலத்தில் முருகன் டாக்கீஸ் ஆனது அந்தக் கொட்டகைதான். படம் எடுத்தது பம்பாயில், இயக்கியவர் எச்.எம். ரெட்டி, கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி. அவர் தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பதில் சொல்வார். நடுவில் கதைக்கு ஒட்டாத தியாகராஜர் கீர்த்தனை, அப்புறம் காந்தியின் கைராட்டினத்தைப் பற்றி ஒரு பாட்டு. இன்று அந்தப் படத்தின் பிரதி இல்லை. ஆனால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அதே வால்டாக்ஸ் சாலையில்தான் ஒற்றைவாடை நாடகக் கொட்டகையும் இருந்தது. ஒரே சாலை, ஏறத்தாழ ஒரே கூட்டம். ஒரு ராத்திரி ஒற்றைவாடையில் நாடகம் பார்த்தவன் இன்னொரு ராத்திரி கினிமா சென்ட்ரலில் தரை டிக்கெட் வாங்கினான். திரையில் அவன் தேடியதும் நாடகத்தில் கிடைத்த சரக்கைத்தான்.

அந்தச் சரக்கு எப்படித் தயாரானது என்று தெரிந்தால் 'ஓவர்' என்று தோன்றுவதில் பாதிக்குக் காரணம் புரியும். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் வழியில் வந்த, சிறுவர்களை வைத்தே நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிகளில் பையனாகச் சேர்ந்தவன் முதலில் கற்றுக்கொண்டது குரலை எறிவது. மைக் கிடையாது. கொட்டகையின் கடைசி வரிசைக்குப் பாட்டும் போக வேண்டும், பேச்சும் போக வேண்டும். ராஜபார்ட் என்ற நாயக வேடம் என்றால் ஐந்து, ஐந்தரைக் கட்டை என்கிற உயர்ந்த சுருதியில் நின்று பாடும் தொண்டை வேண்டும். முகபாவம் பத்து வரிசை தாண்டினால் தெரியாது. அதனால் துக்கத்தைக் கையாலும் தோளாலும் காட்டினார்கள். எதிராளியோடு பேசும்போதும் உடம்பு சபையைப் பார்த்தே இருக்கும். பேசும்படத்துக்கு ஆள் தேவைப்பட்டபோது பேசவும் பாடவும் தெரிந்தவர்கள் இவர்கள்தான். மூட்டை முடிச்சோடு நாடகமே ஸ்டூடியோவுக்குள் வந்து இறங்கியது.

சரி, மைக் வந்த பிறகாவது குரலைத் தணித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். தணிக்க முடியாததற்குக் கருவியே காரணம். பிலிமின் ஓரத்தில் ஒளிக்கோடாகப் பதியும் ஒலித்தடத்தில் அடிநாதமாக ஒரு 'ஸ்ஸ்ஸ்' இரைச்சல் எப்போதும் உண்டு. மெல்லப் பேசினால் பேச்சு அதற்குள் மூழ்கிவிடும். கத்தினால் ஒலித்தடம் தாங்காமல் குரல் உடையும். இந்த இரண்டுக்கும் நடுவே கிடைத்த இடம் குறுகல். அதற்குள் நிற்கத் தெரிந்த குரல் நாடகக் குரல் ஒன்றுதான்: ஒரே மட்டத்தில் உரக்க, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, வாக்கியத்துக்கு வாக்கியம் இடைவெளி விட்டு. காட்சிக்கு ஒரு மைக்தான் என்பதால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசக் கூடாது. ஒருவர் முடித்து, ஒரு மூச்சு விட்டு, மற்றவர் தொடங்க வேண்டும். கொட்டகையின் பக்கமும் ஒரு காரணம் இருந்தது. தகரக் கூரை, எதிரொலி, தரையில் குழந்தை அழுகை, முறுக்கு விற்கிறவன் சத்தம். வேகமாகப் பேசினால் யார் காதிலும் விழாது. இன்று நமக்கு இழுவையாகத் தெரிவது அன்று காதுக்குச் செய்த வசதி.

ஒரு பாட்டை எப்படி எடுத்தார்கள் என்பதை மட்டும் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். 1935 வாக்கில் பின்னணிப் பாட்டு கிடையாது. நடிகர் கேமரா முன் நின்று பாட வேண்டும், பாடுவது அப்படியே பதிவாகும். கேமராவின் கரகர சத்தம் மைக்குக்குள் போகாமல் இருக்க அதை மூடி வைத்திருப்பார்கள். ஆகவே கேமரா நகராது. தலைக்கு மேலே, சட்டகத்துக்குச் சற்று வெளியே மைக் தொங்கும். ஆர்மோனியமும் பிடிலும் தபலாவும் சட்டகத்துக்கு வெளியே உட்கார்ந்திருக்கும். பாடகர் இரண்டு அடி நகர்ந்தால் குரல் மெலியும், பக்கவாத்தியம் தூக்கலாகிவிடும். ஒலியை நடுவில் வெட்டி ஒட்டினால் தாளம் இடிக்கும், எனவே பாட்டு முழுக்க ஒரே ஷாட். 35 எம்.எம். பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஐந்து நிமிடப் பாட்டின் கடைசிச் சரணத்தில் ஒரு காக்கா கத்தினால் 450 அடி பிலிம் குப்பை. அந்தக் காலத்துப் பட முதலாளிகளுக்குக் காக்காய்தான் முதல் வில்லன். ராத்திரிப் படப்பிடிப்புக்குப் பல ஸ்டூடியோக்கள் பழகியது சும்மா இல்லை.

இப்போது அந்த நடிகரின் நிலையை யோசியுங்கள். நகரக் கூடாது, திரும்பக் கூடாது, கிசுகிசுக்கக் கூடாது, ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த துக்கத்தைக் காட்ட வேண்டும். மிச்சம் இருப்பது புருவம், கை, ராகம். நடிப்பின் பெரும்பங்கை ராகம் எடுத்துக்கொண்டது அப்படித்தான். சோக ராகமான முகாரி தொடங்கியவுடனே கூட்டத்துக்கு விஷயம் புரிந்துவிடும். பழைய படத்தில் பாட்டு நடக்கும்போது பாடகரின் தலை கொஞ்சம் திரும்புகிற இடத்தில் காதை வையுங்கள். குரல் ஒரு நூல் இறங்கும். நேரடிப் பதிவுக்கு அது ஓர் அடையாளம். பையன்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் சிரிப்பதை விட்டுவிட்டு அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் வேலையில் இறங்குவார்கள்.

1938இல் ஏ.வி. மெய்யப்பன் தயாரித்த 'நந்தகுமார்' பின்னணிக் குரலைக் கொண்டுவந்தது. அதன்பின் பாட்டை முதலில் பதிவு செய்துவிட்டுப் பிறகு வாயசைக்கும் முறை மெல்லப் பரவியது. நாற்பதுகளின் படங்களில் ஆட்கள் பாடிக்கொண்டே நடக்கிறார்கள், குதிரை ஏறுகிறார்கள் என்றால் அதனால்தான். ஒரே பத்தாண்டில் எவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள் என்று காட்ட ஒரு 1930களின் பாட்டையும் ஒரு 1944 பாட்டையும் அடுத்தடுத்துப் போட்டாலே போதும். இன்னொரு காரணம் எல்லிஸ் ஆர். டங்கன். தமிழ் ஒரு வார்த்தை தெரியாத அமெரிக்கர், 1936இல் 'சதி லீலாவதி' எடுத்தார். எம்.ஜி.ஆர்., டி.எஸ். பாலையா எல்லோரும் திரையில் முகம் காட்டத் தொடங்கியது அதில். பேச்சு புரியாதவர் முகத்தைத்தானே பார்ப்பார்! குளோசப்பும் நகரும் கேமராவும் தமிழ்ப் படத்தில் நிலைத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

அடுத்து, இந்த மிகை நமக்கு ஏன் பிடிக்கிறது என்பது. வடசென்னையில் இதைச் சொல்வது சுலபம். காசிமேட்டிலோ வியாசர்பாடியிலோ ஒரு சாவு வீட்டுக்குப் போங்கள். ஒப்பாரி வைக்கும் கிழவியை யாராவது 'ஓவர் ஆக்டிங்' என்பார்களா? செத்தவரின் பெருமையை வரிசைப்படுத்தி, உறவுமுறை சொல்லி விளித்து, மார்பில் அடித்து, சரியான இடத்தில் குரலை உடைத்து, கூட்டத்தையே அழவைப்பது ஒரு கலை. அவளுக்கு அது தெரியும், கேட்கிறவர்களுக்கும் தெரியும். அதனால் துக்கம் பொய்யாகிவிடுவதில்லை. ராத்திரி மரண கானா பாடுகிறவரும் அந்த வேலையைத்தான் செய்கிறார். தெருக்கூத்தில் துரியோதனன் விழும்போது அழுகிற பெண்களுக்குக் கதை முன்னாலேயே தெரியும். இந்தப் படங்களை அந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். கதை தெரியாமல் யாரும் வரவில்லை. கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தில் கதைச்சுருக்கம் போட்டு, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடித்திருப்பார்கள். அந்த மீதியும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்த துக்கத்தை நல்ல தொண்டையில் கேட்கத்தான் காசு கொடுத்தார்கள்.

'ஹரிதாஸ்' இதற்குச் சரியான உதாரணம். 1944 தீபாவளிக்கு பிராட்வே தியேட்டரில் வெளியாகி, மூன்று தீபாவளி கண்ட படம் என்று பேர் வாங்கியது. சுந்தர்ராவ் நட்கர்னி இயக்கம், பாபநாசம் சிவன் பாட்டு, ஜி. ராமநாதன் இசை. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். 1947இல்தான் வெளியே வந்தார்கள். நாயகன் சிறையில், படம் பிராட்வேயில்.

கதை இவ்வளவுதான். பணக்கார வீட்டுப் பிள்ளை. தாய் தகப்பனை உதாசீனம் செய்கிறான், ரம்பா என்ற தாசியிடம் சொத்தை இழக்கிறான், ஒரு முனிவரை அவமதித்துக் காலை இழக்கிறான், திருந்துகிறான், கால் திரும்ப வருகிறது. எழுதிப் படித்தால் பாடப்புத்தக நீதிக்கதை. பார்த்தால் அப்படி இல்லை. முதல் பாதியில் பாகவதர் குதிரை மேல் பாடிக்கொண்டு வருகிற அலட்சியமும், சாருகேசி ராகத்தில் 'மன்மத லீலையை' பாடும் இடத்தில் டி.ஆர். ராஜகுமாரியின் கண்ணும் பாவத்தை அவ்வளவு இனிப்பாகக் காட்டுகின்றன. கூட்டத்துக்கு இரண்டு மணி நேரத்தில் இரண்டு விருந்து: முதலில் பாவத்தை ரசிக்கலாம், பிறகு அதற்காக அழலாம். அழுகைப் படத்தின் கணக்கே இதுதான். வெறும் அழுகையை மட்டும் போட்ட படங்கள் பெட்டிக்குள் போய்விட்டன.

'ஹரிதாஸ்' கச்சிதமாக இருப்பதற்கு இன்னொரு காரணம் உலகப்போர். கச்சா பிலிம் தட்டுப்பாட்டால் அரசு படத்தின் நீளத்தை 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று கட்டுப்படுத்தியது. 90 அடிக்கு ஒரு நிமிடம் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பிடி மேல். அதற்கு முன் 18,000 அடிப் படம் சாதாரணம். அதாவது மூன்று மணி இருபது நிமிடம். ஐம்பது பாட்டுப் போட்ட 1934 'பவளக்கொடி' காலத்தையும் இந்தக் கச்சிதத்தையும் ஒப்பிட்டால், பிலிம் கிடைக்காமல் போனது தமிழ் சினிமாவுக்கு நல்ல எடிட்டர் கிடைத்த மாதிரி என்று தோன்றும்.

நடிப்பில் மிகை எங்கே பலிக்கிறது என்று பார்க்க 1941இன் 'அசோக்குமார்' போடுங்கள். சித்தியின் ஆசைக்கு இணங்காத, அசோகரின் மகன் குணாளனின் கண் போகிற கதை. பாகவதர் பாட்டுக்கு வந்தவர்கள் கண்ணாம்பாவைப் பார்த்துவிட்டுப் போனார்கள் என்பேன். மகன் முறை உள்ளவன் மேல் ஆசை, அவமானம், பழி என்று மூன்று நிலையையும் அவர் குரலிலேயே மாற்றுவார். தாய்மொழி தெலுங்கு. அடுத்த ஆண்டு 'கண்ணகி'யில் வசனகர்த்தா இளங்கோவன் எழுதிய தமிழை அவர் பாண்டியன் சபையில் பேசுவதைக் கேட்டால் அது நினைவுக்கே வராது. அந்தக் காட்சியில் அவர் மெல்லப் பேசியிருந்தால் என்ன ஆகும் என்று பையன்களிடமே கேளுங்கள். நீதி கேட்டு அரண்மனை வாசலில் நிற்கும் பெண் மெல்லப் பேச என்ன இருக்கிறது?

இனிக் குறைகள். அழுகை அவற்றில் சேராது என்பது என் கட்சி. நிஜமான குறை, அழுத பிறகு யார் யாரை மன்னிக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. எடுத்த கதைகளின் பேரைப் பாருங்கள்: சதி லீலாவதி, சதி அகல்யா, பதிபக்தி. புருஷன் குடிப்பான், வீட்டை விற்பான், தாசி வீட்டுக்குப் போவான். 'சதி லீலாவதி' நாயகன் போதையில் கொலை செய்துவிட்டதாக நம்பி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கே ஓடிவிடுவான். மனைவி இருந்த இடத்திலேயே இருந்து கற்பைக் காப்பாள். கடைசி ரீலில் அவன் திரும்பி வந்து ஒரு தடவை 'லீலாவதி!' என்றால் போதும், எல்லாம் சரியாகிவிடும். திருந்துகிற உரிமை ஆணுக்கு, மன்னிக்கிற கடமை பெண்ணுக்கு. இரண்டரை மணி நேரம் அவளுக்கு நடந்த அநியாயத்தை அத்தனை விவரமாகக் காட்டிய படமே, முடிவில் அதற்குக் கணக்குக் கேட்க மறந்துபோகிறது. இங்கே பையன்கள் சிரித்தால், பெண்கள் எரிச்சல்பட்டால், அவர்கள் சொல்வது சரி.

தாசிப் பாத்திரங்கள் இதைவிட மோசம். முத்துலட்சுமி ரெட்டி 1930இல் தேவதாசி முறை ஒழிப்பு மசோதா கொண்டுவந்தார், சட்டம் ஆனது 1947இல். இந்தப் படங்கள் வந்த காலம் சரியாக அந்த இடைவெளி. திரையில் பாடி ஆடத் தெரிந்த பெண்கள் பலர் இசைவேளாளர் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களின் சங்கீதத்தை வாங்கிக்கொண்டு, அவர்களையே குடிகெடுத்த தாசி என்று காட்டிக் காசு பார்த்தார்கள். ராஜகுமாரியின் நடனத்தை ரசிக்கும்போது இதையும் மனதில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

இந்தச் சுவரில் பெரிய ஓட்டை போட்டது கே. சுப்ரமணியத்தின் 'தியாகபூமி'. கல்கி கதை, 1939. கணவன் துரத்திய சாவித்திரி பணக்கார உமாராணியாகத் திரும்பி வருகிறாள். மனைவி தன்னோடு சேர்ந்து வாழ வேண்டும் என்று அவன் வழக்குப் போடுகிறான். அவள் கோர்ட்டில் நின்று, வேண்டுமானால் உனக்கு நான் ஜீவனாம்சம் தருகிறேன் என்கிற அர்த்தத்தில் பேசுகிறாள். 1939இல்! அழுகைப் படத்தின் எல்லாச் சாமானையும் வைத்துக்கொண்டே, குழந்தையைப் பிரிந்த தாய், ஏழைத் தகப்பன், சேற்றில் கிடந்த மானம் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டே, கணக்கை மட்டும் திருப்பிப் போட்டார்கள். அரசு தடை போட்டபோது காரணம் கோர்ட் காட்சி இல்லை, படத்தில் இருந்த காங்கிரஸ் பிரசாரம். ஆனால் கடைசியில் இதிலும் இருவரையும் தேச சேவையில் சேர்த்து வைத்துத்தான் முடித்தார்கள். அவ்வளவு தூரம் போனவர்களுக்கே முழுசாகப் பிரித்துவிடத் தைரியம் வரவில்லை.

மற்ற குறைகளை வேகமாகச் சொல்லிவிடலாம். கதை முடிச்சை அவிழ்க்கத் தெரியாத இடத்தில் சாமி வந்துவிடுவார். நடுப்பகுதி தொய்யும், முக்கியமாக முப்பதுகளில். நகைச்சுவை தனி ஓட்டமாக இருக்கும். என்.எஸ். கிருஷ்ணன், மதுரம் ஜோடி தங்கள் பகுதியைத் தாங்களே அமைத்துக்கொள்வார்கள், கதையோடு அது ஒட்டாது. ஆனால் பல படங்களில் இன்றும் அப்படியே செல்லுபடியாவது அந்த ஒட்டாத பகுதிதான், அதனால் இதைக் குறையில் சேர்க்க எனக்கு மனசில்லை. பேச்சு மொழி பெரிய குறை. இளங்கோவனுக்கு முன் 'பிராணநாதா', 'சுவாமி' என்று வடமொழி வாடை. வால்டாக்ஸ் சாலையில் டிக்கெட் வாங்கினவன் பேசிய தமிழுக்குத் திரையில் இடம் இருந்ததென்றால் அது சிரிப்புக் காட்சியில்தான்.

இப்போது உங்கள் வேலை.

முதலில் பிரதி. நம் ஊரில் சி.டி., டி.வி.டி.யாக வந்த பழைய படங்கள் பெரும்பாலும் நொடிக்கு 25 ஃபிரேம். படம் எடுத்தது 24இல். 4 சதவீதம் வேகம் கூடும், சுருதி கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறும். ஏற்கெனவே ஐந்தரைக் கட்டையில் பாடுகிறவரை இன்னும் ஏற்றினால் பொம்மைக் குரல்தான் வரும். கணினியில் படம் ஓட்டும் வி.எல்.சி. மென்பொருளில் கோடெக் விவரத்தைத் திறந்து பாருங்கள். 25 என்று இருந்து, பாட்டும் அவசரமாகக் கேட்டால் ஓட்ட வேகத்தை 0.96க்குக் குறையுங்கள். இதோடு ஆடியோ அமைப்பில் 'டைம் ஸ்ட்ரெச்சிங்' குறியை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் வேகம் குறையும், சுருதி இறங்காது. இந்த ஒரு படியில்தான் பலர் தவறுகிறார்கள்.

அடுத்தது சட்டகம். இந்தப் படங்கள் ஏறக்குறைய நாலுக்கு மூன்று. இழுத்து அகலமாக்கிய கோப்பை வி.எல்.சி.யில் 4:3 என்று மாற்றினால் சரியாகிவிடும். மேலும் கீழும் வெட்டி அகலமாக்கிய கோப்பு என்றால் உயரத்தில் கால்வாசி போய்விட்டது, அதை மீட்க முடியாது, வேறு பிரதி தேடுங்கள். அடையாளம் சுலபம்: நிற்கிற ஆளின் கொண்டையும் நடனமாடுகிறவரின் பாதமும் ஒரே நேரத்தில் காணாமல் போயிருக்கும். பாதம் இல்லாமல் நடனம் என்ன, கை பாதியில் நின்ற சோகம் என்ன. திரையில் படம் எட்டடி அகலம் என்றால் உயரம் ஆறடி வரும். கிடைக்கிற பிரதிகளின் தரத்துக்கு எட்டடிக்கு மேல் போக வேண்டாம், கலங்கும். ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் வலது மேல் மூலையில் ஒரு வட்டப் புள்ளி மின்னி மறையும். கோளாறு என்று யாராவது சொன்னால், ரீல் மாற்ற ஆபரேட்டருக்கு வைத்த குறி என்று சொல்லுங்கள்.

ஒலியில் செய்கிற தவறு ட்ரெபிளை, அதாவது உச்ச ஒலியை, கூட்டுவது. பேச்சு தெளிவில்லை என்று அதைத் திருகினால் பேச்சோடு இரைச்சலும் ஏறும். அந்தக் காலத்துக் கொட்டகை ஒலிபெருக்கி உச்ச ஒலியை வெட்டித்தான் கேட்கவிட்டது, பதிவும் அதற்கேற்பவே நடந்தது. ஈக்வலைசரில் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் 10 டெசிபல் குறையுங்கள், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் இறக்குங்கள். கரகரப்பு போய்க் குரல் முன்னால் வரும். இது மோனோ, அதாவது ஒரே தடத்தில் பதிவான ஒலி. இரண்டு மூலையிலும் பெட்டி வைக்காமல் ஒரே பெட்டியைத் திரைக்கு நேர்கீழே ஒரு ஸ்டூலில் வையுங்கள். பாயில் உட்கார்கிறவர் காது இரண்டரை அடி உயரத்தில் இருக்கும், அதற்கு நேராக. தகரக் கூரை என்றால் பின்சுவரில் இரண்டு கெட்டிப் போர்வை தொங்கவிடுங்கள், எதிரொலி அடங்கும். சத்த அளவைப் பாட்டில் வைத்துச் சரிபார்த்துவிட்டு அப்புறம் கை வைக்காதீர்கள்.

உரிமைப் பிரச்சினை பெரும்பாலும் வராது. படம் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுதான் பதிப்புரிமை, நீங்கள் சொல்லும் காலத்துப் படங்கள் எல்லாம் அதைத் தாண்டிவிட்டன.

வரிசை: முதலில் 'ஹரிதாஸ்'. இரண்டு மணி நேரம், பிராட்வே ஞாபகம் உள்ள குடும்பங்கள் உங்கள் தெருவிலேயே இருக்கும். அடுத்து 'அசோக்குமார்' அல்லது 'கண்ணகி'. மூன்றாவதாக 'தியாகபூமி'. முப்பதுகளின் நீளப் படங்களை இதற்கெல்லாம் பிறகு வையுங்கள், அதுவும் இடைவேளை விட்டு. பாட்டுகளை வெட்டிப் போடும் யோசனை வேண்டாம். துக்கம் பாட்டில்தான் இருக்கிறது, வெட்டினால் மிஞ்சுவது வெறும் கைவீச்சு, சிரிப்பு இரண்டு மடங்காகும். பழைய வழக்கப்படி ஒரே தாளில் பாட்டுப் பெயர்களும் கதைச்சுருக்கமும் அச்சடித்து வாசலில் கொடுங்கள். முடிவையும் எழுதிவிடலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. முன்னுரை மூன்று நிமிடம் போதும். மைக், காக்காய், நகராத கேமரா மூன்றையும் சொல்லிவிட்டு விளக்கை அணையுங்கள்.

'தியாகபூமி' போடுகிற மாதம் மட்டும் ஒன்று செய்யுங்கள். படம் முடிந்ததும் பெரியவர்களை முதலில் பேசவிடாமல், கோர்ட் காட்சியைப் பற்றி அங்கே இருக்கும் பெண்களிடம் முதலில் கேளுங்கள். அன்றைக்குப் படிப்பகத்தைப் பூட்ட நேரமாகும், காவலாளியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.